அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? ஆட்டோ இம்யூன் நோயும் குடும்ப வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு லூபஸ் என்றோ சரவாங்கி என்றோ டைப் 1 சர்க்கரை என்றோ தெரியவந்ததும், மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே பலரும் கேட்பது, "பிள்ளைகளுக்கும் வருமா?" என்பதைத்தான். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்குச் சரவாங்கி, எனக்குத் தைராய்டு. டாக்டரிடம் கேட்கத் தயங்கி, உறவுகளிடம் கேட்டுப் பயந்துபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வரும் எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகளில் கிடைத்தவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து ஏறத்தாழ எவ்வளவு என்று புரிந்துகொள்ள அவை போதும்.

ஆட்டோ இம்யூன் நோய் என்றால் எவையெல்லாம்?

கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கினால் அது ஆட்டோ இம்யூன் நோய். தைராய்டைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ அல்லது கிரேவ்ஸ் நோய். மூட்டின் உள்சவ்வைத் தாக்கினால் சரவாங்கி என்கிற முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்தால் டைப் 1 சர்க்கரை, தோலின் நிறமிச் செல்களை அழித்தால் வெண்புள்ளி, நரம்பின் உறையைத் தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கோதுமையில் உள்ள குளூட்டனால் தூண்டப்பட்டுச் சிறுகுடல் சேதமாவது சீலியாக். லூபஸ் ஓர் உறுப்போடு நிற்காது. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம் என்று எங்கும் பரவும்.

இவை அபூர்வமானவை என்று நினைக்க வேண்டாம். 2023இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. 19 நோய்களை மட்டும் கணக்கில் எடுத்தபோதே சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒன்று இருந்தது.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு நிச்சயம் வருமா?

வராது. இந்த நோய்கள் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.

டைப் 1 சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நீரிழிவு சங்கம் தரும் கணக்குப்படி, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 17இல் 1. அம்மாவுக்கு இருந்து, 25 வயதுக்கு முன் அவர் பெற்ற பிள்ளை என்றால் 25இல் 1. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் 100இல் 1. பெற்றவருக்கு 11 வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தால் இந்த வாய்ப்பு இரண்டு மடங்காகும். அப்படிக் கூட்டிப் பார்த்தாலும் வராத பிள்ளைகளே மிக அதிகம்.

சரவாங்கி பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். "மூன்று மடங்கு" என்று கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. நூறில் ஒன்று நூறில் மூன்றாகிறது என்று சொன்னால், மீதி 97 பேருக்கு வராது என்பதும் சேர்ந்தே புரியும். செய்தியில் "இத்தனை மடங்கு" என்று எங்கே படித்தாலும், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள்.

மற்றவையும் இதே அளவில்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவரின் பிள்ளைக்கு நூறில் இரண்டு. வெண்புள்ளி உள்ளவரின் கூடப்பிறந்தவருக்கு நூறில் ஆறு. சீலியாக் கொஞ்சம் கூடுதல்: பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 13இல் 1.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டைப் 1 சர்க்கரை புதிதாக வரும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. "எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்று அறிகுறியை ஒதுக்கிவிடக் கூடாது.

அப்படியென்றால் பிள்ளைக்குப் போவது என்ன?

நோய் வரக்கூடிய போக்கு மட்டும் போகிறது. இதில் பெரிய பங்கு ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு. செல்லுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளைத் தூக்கிப் பிடித்து, டி செல்கள் என்னும் காவல் செல்களுக்குக் காட்டுவது இவற்றின் வேலை. சில வகை எச்.எல்.ஏ. சொந்த உடலின் துண்டுகளைச் சிக்கலான விதத்தில் காட்டிவிடுகிறது. அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி என்று வருவதால், கூடப்பிறந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு இரண்டு தொகுதியும் அப்படியே ஒத்துப்போகும்.

சீலியாக் நோய்க்குத் தேவையான டி.கியூ.2, டி.கியூ.8 வகைகள் ஐரோப்பியர்களில் மூன்றில் ஒருவருக்கு உண்டு. அவர்களில் நூறில் மூன்று பேர் அளவுக்குத்தான் நோய் வருகிறது. மரபணு இருப்பதும் நோய் இருப்பதும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிள்ளைக்கு "கெட்ட மரபணுவை"க் கொடுத்துவிட்டோமே என்று மருகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதுகெலும்பு இறுகும் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற வகை, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்துவதில் மற்ற பல வகைகளைவிடத் திறமையானது. கிருமிகளோடு போராடிப் பிழைத்த முன்னோர்களிடமிருந்து நமக்கு வந்தவை இவை. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராதது ஏன்?

இது மிக முக்கியமான கேள்வி. மரபணு மட்டுமே காரணம் என்றால் இருவருக்கும் வந்தாக வேண்டும். சரவாங்கியில் பிரிட்டன் ஆய்வொன்றில் சுமார் 15 சதவீத இரட்டையர் ஜோடிகளில்தான் இருவருக்கும் இருந்தது. வெண்புள்ளியில் 23 சதவீதம். லூபஸிலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் நான்கில் ஒன்று அளவு. டைப் 1இல் இது அதிகம். வயது ஏற ஏறப் பாதியையும் தாண்டும். சீலியாக்கில் இன்னும் அதிகம்.

மீதியைத் தீர்மானிப்பது என்ன? ஒரு பங்கு தற்செயல். டி செல்கள் உருவாகும்போது, எதைத் தாக்குவது என்று அடையாளம் காணும் அவற்றின் உணர்விகளுக்கான மரபணுக்கள் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைக்கப்படுகின்றன. இரட்டையரிலும் இந்தக் கலைப்பு ஆளுக்கு ஆள் வேறு.

இன்னொரு பங்கு சூழல். 2022இல் வந்த ஆய்வு ஒரு கோடி அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளைப் பின்தொடர்ந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. அந்த வைரஸ் உலகில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறை தொற்றுகிறது. நோய் வருவது மிகச் சிலருக்கு. பின்லாந்தையும் எல்லைக்கு அந்தப்பக்கம் உள்ள ரஷ்யாவின் கரேலியாவையும் பாருங்கள். இரு பக்கத்து மக்களின் மரபணுப் போக்கும் ஒரேபோலத்தான். பின்லாந்துப் பக்கத்தில் டைப் 1 சர்க்கரை ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகப் பதிவானது.

பாட்டிக்குத் தைராய்டு, அம்மாவுக்குச் சரவாங்கி, எனக்கு வெண்புள்ளி. தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. குடும்பத்தில் ஓடுவது பல நேரம் ஒரு குறிப்பிட்ட நோயாக இருப்பதில்லை, பொதுவான ஆட்டோ இம்யூன் போக்காக இருக்கிறது. அது ஒருவரிடம் தைராய்டாகவும் இன்னொருவரிடம் தோலிலும் வெளிப்படும். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்குத் தைராய்டுக்கும் சீலியாக்குக்கும் சேர்த்தே அவ்வப்போது பரிசோதனை செய்வது இதனால்தான். டாக்டர் குடும்ப வரலாறு கேட்கும்போது "எங்க வீட்டில் யாருக்கும் மூட்டுவலி இல்லை" என்பதோடு நிறுத்தாமல் தைராய்டு, வெண்புள்ளி, சொரியாசிஸ் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சுகர். அதுவும் இதில் சேருமா?

நம் வீடுகளில் நடுவயதில் வரும் சுகர் பெரும்பாலும் டைப் 2. அது ஆட்டோ இம்யூன் நோய் கிடையாது. ஆனால் அதுதான் டைப் 1ஐவிட வலுவாகக் குடும்பத்தில் தொடர்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பெண்களுக்கே ஏன் அதிகம்?

ஆட்டோ இம்யூன் நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். லூபஸில் பத்தில் ஒன்பது. ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கிவைக்கும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வும், அதோடு ஒட்டியிருக்கும் புரதங்களும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடும் என்று 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. போக்கு மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலவே போகிறது. மகன் என்பதால் கவலையே இல்லை என்று இருந்துவிடாதீர்கள்; டைப் 1 சர்க்கரையும் ஸ்பாண்டிலைட்டிஸும் ஆண்களை விட்டுவைப்பதில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் ஆபத்து கூடுமா?

மேலே சொன்ன நோய்கள் பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து வருபவை. அத்தை மகனைக் கட்டியதால்தான் சரவாங்கி வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு மரபணு பழுதாவதால் வரும் அபூர்வமான ஆட்டோ இம்யூன் நோய்களும் உண்டு. ஏ.ஐ.ஆர்.இ. என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் சிறுவயதிலேயே பல சுரப்பிகள் பாதிக்கப்படும். தாய்மாமன், அத்தை, மாமன் மக்கள் என்று நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைக்கு இப்படி இரண்டு பிரதியும் பழுதாக வரும் வாய்ப்பு கூடுதல்.

ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான வயிற்றுப்போக்கும் டைப் 1 சர்க்கரையும் தோல் நோயும் வரும். இது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக மகனுக்குப் போகிறது. சொந்தத்தில் மணந்ததா என்பது இங்கே பொருட்டில்லை. இந்த மரபணுவையும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் கடிவாளம் போடும் டி செல்களையும் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும்தான் 2025இன் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஒரே வீட்டில் சிறு குழந்தைகள் இருவருக்கு இப்படிக் கடுமையாக வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கட்டாயம் தேவை.

வரன் பார்க்கும்போது சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவதும், புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மருந்தை நிறுத்துவதும் நோயை முற்றவைக்கும். லூபஸில் மருந்தைத் திடீரென்று விட்டால் சிறுநீரகம்வரை பாதிக்கலாம். நிச்சயத்துக்கு முன்பே, சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் பேசிக்கொள்வது நல்லது. என்ன நோய், என்ன மருந்து, இப்போது கட்டுக்குள் இருக்கிறதா, பிள்ளை பெறுவது பற்றி டாக்டர் என்ன சொல்கிறார் என்ற நான்கும் தெரிந்தால் போதும்.

சம்பந்தம் பேச வரும் மறுதரப்பு வீட்டாருக்கும் சொல்ல இருக்கிறது. பெண்ணுக்கு வெண்புள்ளி என்றோ, அவள் அண்ணனுக்கு வெண்புள்ளி என்றோ ஒரு சம்பந்தத்தை ஒதுக்குகிறவர்கள், இரண்டு பக்கமும் டைப் 2 சுகர் இருப்பதைப் பற்றிக் கேட்பதுகூட இல்லை. வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது, தொழுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. கூடப்பிறந்தவருக்கே நூறில் ஆறுதான் என்னும்போது, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தள்ளிவைப்பது அநியாயம்.

எனக்கு நோய் இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெரும்பாலானோர் பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டுப் பெற வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. சரவாங்கிக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். எத்தனை மாதம் முன்பு, அதற்குப் பதில் என்ன மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாறாக, லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கர்ப்பத்தில் தொடர வேண்டிய மருந்து. "கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது" என்று பெரியவர்கள் சொன்னாலும் அதை நிறுத்தாதீர்கள். தைராய்டு இருந்தால், கரு தங்கியது தெரிந்த உடனே டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்.

அம்மாவின் ரத்தத்தில் ரோ என்ற எதிர்பொருள் (நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஒரு புரதம்) இருந்தால் தனிக் கவனம் வேண்டும். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சில குழந்தைகளுக்குத் தோலில் தடிப்பு வந்து, தாயின் எதிர்பொருள் கரையும் ஆறேழு மாதத்தில் தானே மறையும். இதை லூபஸ் பரம்பரையாக வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை பழுதாகலாம், அது நிரந்தரம். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அப்படி வந்திருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அதை 7 சதவீதம் அளவுக்குக் குறைத்ததாக 2020இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே லூபஸ் உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி இல்லாவிட்டாலும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

எல்லா டெஸ்டையும் எடுத்துவிடுவோம் என்ற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். லூபஸ் போன்ற நோய்களைச் சந்தேகித்து எடுக்கும் ஏ.என்.ஏ. ரத்த டெஸ்ட், 1:80 என்ற குறைந்த அளவில் ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே எட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளைப் பார்த்துத் தூக்கம் இழந்தவர்கள் ஏராளம். சரவாங்கிக்கான ஆர்.ஏ. ஃபேக்டரும் வயதானவர்களில் காரணமின்றி பாசிட்டிவ் வருவதுண்டு. எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவாக இருந்தும் நோயே வராதவர்கள் மிக அதிகம்.

சில இடங்களில் டெஸ்ட் உண்மையிலேயே உதவும். சீலியாக் உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவுகளுக்கு, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பு, டி.டி.ஜி. எதிர்பொருள் பரிசோதனை செய்யலாம். நிறுத்திய பின் எடுத்தால் முடிவு தவறாக வரும். சீலியாக் வட இந்தியாவில் அதிகம், அரிசி உண்ணும் தெற்கில் மிகக் குறைவு. ஆனால் சுகருக்காக தினமும் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் இன்று நிறைய.

டைப் 1 உள்ளவரின் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஜி.ஏ.டி. போன்ற எதிர்பொருள்களைப் பார்க்கலாம். இரண்டோ அதற்கு மேலோ தென்பட்ட குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் வந்தது. தெரிந்து என்ன செய்வது என்று கேட்கலாம். மயங்கி விழுந்து ஐ.சி.யூ.வில் கண்டுபிடிப்பதற்குப் பதில் முன்பே கண்டுபிடிக்கலாம். நோய் வருவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடும் டெப்ளிஸுமாப் என்ற மருந்துக்கும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இத்தாலி 2023இல் குழந்தைகளுக்கு டைப் 1, சீலியாக் இரண்டுக்கும் நாடு முழுவதும் பரிசோதனை செய்யச் சட்டமே இயற்றியது.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

குழந்தை அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போனால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். பழக்கம் விட்ட பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும் இதில் சேரும்.

காலையில் எழுந்ததும் கை மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்து, வீக்கமும் இருந்து, ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றால் மூட்டுத் தைலத்தோடு நிறுத்தக் கூடாது. சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் வலி இருக்கும். இரண்டையும் பிரித்தறிய டாக்டரால்தான் முடியும். வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது, கால் வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பாண்டிலைட்டிஸ் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு, படுத்து ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் இடுப்புவலி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அதுவாக இருக்கலாம். வாயுப் பிடிப்பு, டிஸ்க், உட்கார்ந்தே வேலை பார்ப்பது என்று காரணம் சொல்லி, நோய் தெரிய வருவதற்குள் ஏழெட்டு வருடம் ஓடிவிடுவது உலகெங்கும் நடக்கிறது. "அப்பாவுக்கும் முதுகு வளைந்திருந்தது" என்ற ஒரு வாக்கியம் அந்த வருடங்களை மிச்சப்படுத்தும்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

உறுதியாகச் சொல்லக்கூடியது புகையிலை. சரவாங்கிக்கான எச்.எல்.ஏ. வகை உள்ளவர் சிகரெட்டும் பிடித்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. அம்மாவுக்குச் சரவாங்கி இருக்கும் வீட்டில் மகன் பீடி சிகரெட்டை விடுவதுதான் அவன் செய்யக்கூடிய மிகப் பெரிய தடுப்பு.

வைட்டமின் டி பற்றி ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய சுமார் 26,000 அமெரிக்கர்களிடம் தினம் 2000 யூனிட் வீதம் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்ததில் ஆட்டோ இம்யூன் நோய்கள் 22 சதவீதம் குறைந்தன. சிறு வயதினருக்கும் இதே பலன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" பொடிகளால் பயனில்லை. இங்கே பிரச்சினை எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்ததே இல்லை. லேபிள் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு.

நான் கொடுத்த பாலாலோ சாப்பாட்டாலோ பிள்ளைக்கு வந்ததா?

இல்லை. பசும்பால் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த பால்மாவு கொடுத்தால் டைப் 1 குறையுமா என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்தார்கள்; 2018இல் வந்த முடிவு, குறையவில்லை. கோதுமையை எந்த மாதம் கொடுக்கத் தொடங்கினாலும் சீலியாக் வாய்ப்பு மாறவில்லை என்று 2014இல் வந்த இரண்டு ஆய்வுகள் சொல்லின.

தடுப்பூசி போடலாமா?

போடுங்கள். குடும்பத்தில் ஆட்டோ இம்யூன் நோய் இருப்பது தடுப்பூசியைத் தவிர்க்கக் காரணமே ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மா இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற பயலாஜிக் ஊசி போட்டிருந்தால், பிறந்ததும் போடும் பி.சி.ஜி.யைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிரசவ அறையில் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்; அந்த அவசரத்தில் யாரும் கேட்காமல் போகலாம்.

குடும்ப வரலாற்றை எப்படித் தெரிந்துகொள்வது? யாரும் வாய் திறப்பதில்லையே.

நோயின் பெயரைக் கேட்டால் பதில் வராது, பல நேரம் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது. நடந்ததைக் கேளுங்கள். "பெரியம்மா ஏன் கை மடங்கியே இருந்தாங்க?" "அத்தைக்குக் கழுத்து வீங்கியிருந்ததா?" "சித்தப்பா சின்ன வயசிலேயே ஊசி போட்டுக்கிட்டாராமே?" "யாருக்காவது கரு தங்காமல் திரும்பத் திரும்பக் கலைஞ்சிருக்கா?" இப்படிக் கேட்டால் மூத்த பெண்கள் நிறையச் சொல்வார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போன அத்தைகளின் கதைதான் அதிகம் விட்டுப்போகிறது, அவர்களையும் கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்று அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் ஒரே தாளில் எழுதி, பிள்ளைகளிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

யாரிடம் போவது?

மூட்டு, லூபஸ், ஸ்பாண்டிலைட்டிஸ் என்றால் ருமட்டாலஜிஸ்ட். எலும்பு முறிவு பார்க்கும் ஆர்த்தோ டாக்டர் வேறு, இவர் வேறு. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சி.யிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. தைராய்டுக்கும் டைப் 1க்கும் எண்டோகிரைனாலஜிஸ்ட், வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தோல் மருத்துவர். குழந்தைக்கு டைப் 1 சந்தேகம் இருந்து, வாந்தியோ வேகமான மூச்சோ சேர்ந்துகொண்டால் நிபுணரின் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.